பழைய கட்டுரை நூல்கள்: பிரதியைத் தேர்வதும் நிலையை மதிப்பிடுவதும்

தமிழில் இலக்கியக் கட்டுரை நூல்கள் என்று தனியாகத் திரட்டத் தக்கவற்றில் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டின் முதல் அறுபது ஆண்டுகளுக்குள் அச்சானது. கட்டுரை வளர்ந்த இடம் பத்திரிகை. 1928இல் எஸ்.எஸ். வாசன் கைக்கு வந்த ஆனந்த விகடன், 1932இல் தோன்றிய கலைமகள், 1933இல் தோன்றிய மணிக்கொடி, 1941இல் தொடங்கிய கல்கி போன்றவற்றில் வாரந்தோறும் மாதந்தோறும் வந்தவை பின்னால் நூலாகத் தொகுக்கப்பட்டன. உ.வே. சாமிநாதையரின் 'நான் கண்டதும் கேட்டதும்', நான்கு பாகமாக வந்த 'நல்லுரைக்கோவை', இரண்டு பாகமாக வந்த 'நினைவு மஞ்சரி' ஆகியவை இந்த வரிசையில் முதலில் தேடப்படுபவை. கு.ப. ராஜகோபாலனும் சிட்டியும் எழுதிய 'கண்ணன் என் கவி', பாரதி மகாகவியா என்ற விவாதத்தில் பிறந்து 1937இல் நூலானது. இவற்றுக்கெல்லாம் முன்பே, ஜோசப் அடிசன் 'ஸ்பெக்டேட்டர்' இதழில் எழுதியவற்றைத் தழுவி மறைமலையடிகள் 1908இல் 'சிந்தனைக் கட்டுரைகள்' வெளியிட்டிருந்தார். ஆங்கிலக் கட்டுரை மரபோடு தமிழுக்கு உள்ள நேரடித் தொடர்புக்கு அந்த நூலே சான்று.

கட்டுரை நூலைச் சேர்ப்பவர் பதிப்பு வேறுபாட்டில் மிகுந்த கவனம் வைக்க வேண்டும். இதழில் வந்த கட்டுரையை நூலாக்கும்போது ஆசிரியர் திருத்துவார். மறுபதிப்பில் மீண்டும் திருத்துவார். சில கட்டுரைகளை நீக்கி வேறு சிலவற்றைச் சேர்ப்பார். மறைமலையடிகள் 1916க்குப் பிறகு தனித்தமிழில் எழுதத் தொடங்கி, முந்திய நூல்களையும் வடசொல் நீக்கித் திருத்தினார். அவருடைய பழைய நூல் ஒன்றின் முதற்பதிப்பை வைத்திருப்பவரிடம் இருப்பது பிந்திய பதிப்பிலிருந்து வேறான ஒரு பிரதி. இந்த வகையில் பிரதியின் அழகு இரண்டாம் பட்சம். அந்தப் பிரதி எப்போது, எங்கே, என்ன வடிவில் வந்தது என்பதைக் காட்டும் பகுதிகள் அதில் எஞ்சியிருக்கின்றனவா என்பதே நிலை பார்ப்பதன் முதல் கேள்வி.

கட்டுரை நூல்கள் குறைவாகவே தப்பிப் பிழைத்திருப்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. பெரும்பாலும் ஆயிரம் பிரதி அளவில்தான் அச்சிட்டார்கள். கதை நூலைப் போல அவை வீட்டில் கைமாறிக் கைமாறிப் படிக்கப்படவில்லை. அதைவிடப் பெரிய காரணம் கல்வி நிலையம். நல்ல கட்டுரைத் தொகுப்புகள் பலவும் பள்ளி, கல்லூரிகளில் 'நான்-டீடெயில்' பாடமாக வைக்கப்பட்டன. மாணவன் ஓராண்டு பையில் சுமந்து, பென்சிலால் கோடிட்டு, தேர்வு முடிந்ததும் அடுத்த வகுப்புக்காரனிடம் பாதி விலைக்குத் தள்ளிவிட்ட பிரதிகள் அவை. ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' 1955இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. தமிழுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் முறை. அதன் பிந்திய பதிப்புகள் எளிதில் கிடைக்கின்றன. பரிசுக்கு முந்திய பிரதியை அட்டை குலையாமல் பார்ப்பது அரிது. இலங்கையில் அச்சான நூல்களுக்கு இன்னொரு பேரிழப்பும் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. யாழ்ப்பாணத்துச் சிறு அச்சகங்களின் வெளியீடு எந்த நிலையில் கிடைத்தாலும் எடுத்து வைப்பதே முறை.

சென்னையில் பழைய நூல் வாங்குவோருக்கு நெடுங்காலம் மூர் மார்க்கெட்தான் இடம். 1985 மே மாத இறுதியில் அது தீப்பிடித்து அழிந்த பிறகு கடைகள் அல்லிக்குளத்துக்கும் நடைபாதைகளுக்கும் சிதறின. இன்று நல்ல பிரதிகள் வருவது பெரும்பாலும் மூன்று வழிகளில்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களின் வீட்டு அலமாரி, நூலகங்கள் கழித்துவிடும் கட்டுகள், எடைக்கு வாங்கும் பழைய பேப்பர் கடை. நான்காவதாகச் செட்டிநாட்டு வீடுகளைச் சொல்லலாம். 1940களில் புத்தக வெளியீட்டில் முனைந்து நின்ற பகுதி அது. நூல்களை வாங்கிப் பெட்டியில் வைத்த பகுதியும் அதுவே. கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகத் திரட்டியது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படி. அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக நிலைநிறுத்தியது. திருமண அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும் நூலுக்குச் சமமாக அவர் பாதுகாத்து வைத்தது இத்துறையில் இருப்பவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பழக்கம். நூலுக்குள் கிடக்கும் துண்டுச் சீட்டும் பிரதியின் பகுதிதான்.

பிரதி கைக்கு வந்ததும் முதல் வேலை அதன் காலத்தை உறுதி செய்வது. தலைப்புப் பக்கமும் அதன் பின்புறமும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தாக வேண்டியிருந்தது. ஆதலால் ஆசிரியர் பெயரே இல்லாத நூலில்கூட அச்சகத்தின் பெயர் கிடைக்கும். ஆண்டு மூன்று விதமாக வரும்: ஆங்கில எண்ணில், தமிழ் எண்ணில், அல்லது அறுபதாண்டு வட்டத்தின் பெயரில். 'யுவ வருடம்' என்று மட்டும் இருந்தால் அது 1935–36 ஆகலாம், 1875–76 ஆகவும் ஆகலாம். எழுத்தும் காகிதமும் பார்த்து எது என்று முடிவு செய்ய வேண்டும். மாதத்தையும் விட்டுவிடக் கூடாது. தமிழ் ஆண்டு சித்திரையில் பிறப்பதால் 'யுவ வருடம் தை மாதம்' என்பது 1936 ஜனவரிக்கு வந்துவிடும். இந்த நுட்பத்தைக் கவனிக்காமல் பட்டியல்களில் ஓராண்டு முன்தள்ளிப் பதிவான நூல்கள் நிறைய.

தலைப்புப் பக்கம் கிழிந்து போன பிரதியில் விலை உதவும். ரூபாய், அணா, பை கணக்கில் '1–8–0' என்று அச்சிட்டிருந்தால் அது 1957 ஏப்ரலுக்கு முந்தியது. 'ந.பை.', அதாவது நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் நடுவே என்று கொள்ளலாம். முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. 'ணை', 'லை', 'னை' ஆகியவை துதிக்கை போன்ற பழைய கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் கோத்த எழுத்து என்று பொதுவாகச் சொல்லலாம். ஆனால் இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பெரியார் தம் இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார்; அந்த இயக்கத்தார் வெளியிட்ட நூல்களை எழுத்து வடிவம் கொண்டு பிந்தியவை என்று தள்ளிவிடக் கூடாது. மாறாக, பழைய பதிப்பைப் படமெடுத்து ஆப்செட்டில் மறுபடி அச்சிட்ட நூலில் எழுத்து பழையதாகவே இருக்கும். இதைப் பிரித்தறிய விரல் போதும். ஈய எழுத்தைக் கோத்து அச்சடித்த தாளின் மறுபுறத்தை மெல்லத் தடவினால் எழுத்து அழுந்திய மேடு தட்டுப்படும். ஆப்செட் தாள் வழுவழுப்பாக இருக்கும்.

அடுத்தது பக்கம் சரிபார்ப்பது. பக்க எண்ணை மட்டும் நம்பி விடக் கூடாது. பழைய அச்சகங்கள் பாரத்துக்குப் பாரம், அதாவது ஒரே தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கத் தொகுதிதோறும், முதற் பக்கத்தின் அடியில் நூல் பெயரின் சுருக்கத்தையும் பார எண்ணையும் சிறிய எழுத்தில் இடும். பாரம் எட்டுப் பக்கமா பதினாறா என்று முதலில் கண்டுகொண்டு, ஒவ்வொரு பார எண்ணும் வரிசையாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பைண்டர் ஒரு பாரத்தை இரண்டு முறை வைத்துத் தைத்து, அடுத்ததை விட்டுவிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். முகவுரை, அணிந்துரை, பொருளடக்கம் ஆகியவை தனி எண் வரிசையில் இருக்கும். அவை கடைசியாக அச்சாகி முன்னால் ஒட்டப்படுவதால் முதலில் உதிர்வதும் அவையே. ஆர்ட் காகிதத்தில் அச்சிட்டு இடையில் ஒட்டிய படத் தாள்கள் பக்க எண்ணில் சேராதவை. படப் பட்டியல் இருந்தால் அதை வைத்து எண்ண வேண்டும். பிழைதிருத்தச் சீட்டு இருப்பது நல்ல அறிகுறி. அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தவர் நூலை அக்கறையோடு வைத்திருந்தவர்.

கடைசியில் வரும் விளம்பரப் பக்கங்களை வெற்றுத் தாள் என்று நினைத்து அகற்றுவோர் உண்டு. கட்டுரை நூலில் அவை மிக மதிப்புள்ளவை. அந்தப் பதிப்பகம் அன்றைக்கு என்னென்ன நூல் வைத்திருந்தது, என்ன விலை, எது 'அச்சில்' என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். இன்று எங்கும் பிரதி கிடைக்காத நூலொன்று வெளிவந்ததா இல்லையா என்ற கேள்விக்குப் பல நேரங்களில் பதில் சொல்வது இன்னொரு நூலின் கடைசிப் பக்கம்.

கட்டுமானத்தில் பார்க்க வேண்டியது மூலக் கட்டா, பின்னால் கட்டியதா என்பது. அந்தக் காலத்து நூல்கள் மூன்று வகையில் வந்தன: தாள் உறை மட்டும் போட்டது, அட்டைக் கட்டு, முழுக் காலிகோ துணிக் கட்டு. காலிகோ கட்டின் மேல் படம் போட்ட மேலுறையும் சில பதிப்பகங்கள் சேர்த்தன. மேலுறையோடு கிடைக்கும் பிரதி மிகக் குறைவு, ஏனென்றால் நூலகங்கள் பதிவு செய்தவுடனே அதை உருவி எறிந்துவிடும். மறுகட்டு செய்த பிரதியில் மூல அட்டையை உள்ளே வைத்துத் தைத்திருக்கிறார்களா என்று தேட வேண்டும். வைத்திருந்தால் இழப்பு பாதியாகக் குறைகிறது. மறுகட்டில் நடக்கும் உண்மையான சேதம் வெட்டு இயந்திரத்தில் நடப்பது. ஓரம் சமன்படுத்த ஒவ்வொரு முறையும் அரை சென்டிமீட்டர் போய்விடும். பக்க எண்ணும் ஓரக் குறிப்பும் அதோடு போகும். கிரவுன் எட்டில் ஒன்று அளவு நூல் வெட்டிய பின் ஏறத்தாழ 18க்கு 12 செ.மீ., டெமி எட்டில் ஒன்று ஏறத்தாழ 21.5க்கு 14 செ.மீ. இருக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வெட்டுப்பட்டது என்று தெரிந்துவிடும். முதுகை விட்டு உள்தள்ளிப் பக்கவாட்டில் தைத்த நூலை அகலத் திறக்கக் கூடாது. திறந்தால் தையல் ஓரமாகத் தாள் முறியும். கம்பி அடித்த சிறு நூல்களில் கம்பி துருப்பிடித்து, சுற்றியுள்ள காகிதத்தைப் பழுப்பாக அரித்திருக்கும். அங்கே தாள் கம்பியிலிருந்து கழன்று நிற்கும்.

காகிதத்தின் நிலை மிக முக்கியம், அதைச் சரிசெய்யவும் முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதி வரை வந்த கந்தல் காகிதம் இன்றும் வளைந்து கொடுக்கிறது. அதற்குப் பின் வந்த மரக்கூழ்க் காகிதத்தில் லிக்னின் உண்டு. மை ஊறாமலிருக்கச் சேர்த்த படிகாரமும் ரோசினும் தாளுக்குள் அமிலத்தை உண்டாக்கின. வெளிச்சமும் வெப்பமும் பட்டு அது பழுத்து, நார் அறுந்து, மூலையைத் தொட்டால் அப்பளம் போல் உடைகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துக் காகிதக் கட்டுப்பாட்டின்போது அச்சானவை இதில் மிக மோசம். கட்டுரை நூல்கள் பெருகிய காலமும் அதுவே என்பது வருத்தம் தருகிற உண்மை. 1908ஆம் ஆண்டுப் பிரதி 1944ஆம் ஆண்டுப் பிரதியைவிட உறுதியாக இருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. தாளின் மூலையை மடித்துப் பார்த்துச் சோதிக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அந்தச் சோதனையிலேயே ஒரு மூலை போய்விடும். பக்கத்தைப் புரட்டும்போது மடியில் துகள் உதிர்கிறதா, ஓரம் நடுவைவிட எவ்வளவு கறுத்திருக்கிறது என்பவை போதும்.

பூச்சித் துளைகளை இருவகையாகப் பிரிக்கலாம். ராமபாணம் துளைத்தது நூலின் ஊடாகச் சுரங்கம் போல ஓடும். எழுத்து போன இடங்களை வேறு பிரதி கொண்டு நிரப்பிப் படிக்க முடியும். கரையான் அரித்தது அப்படியன்று. அது மண்ணோடு சேர்ந்து பக்கங்களைக் கட்டியாக்கிவிடும். ஒட்டிய பக்கங்களைக் கத்தியால் பிரிக்க முனையாமல், பேசாமல் அப்படியே வைப்பதே நல்லது. துளை பழையதா, பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை அறிய, நூலை வெள்ளைத் தாளின் மேல் இரண்டு நாள் வைத்தால் போதும். புதுத் தூள் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள். அத்தகைய பிரதியைக் காற்றுப் புகாத பாலிதீன் பையில் இட்டு, −18 பாகைக்கோ அதற்குக் கீழோ இரண்டு வாரம் உறைய வைத்து, வெளியே எடுத்த பின் பையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட வேண்டும். உடனே பிரித்தால் ஈரம் பிடிக்கும். பழைய நூலக நூல்களில் வெள்ளைத் தூள் படிந்திருந்தால் அது டி.டி.டி. அல்லது காமாக்சின் ஆக இருக்கலாம். முகமூடியும் கையுறையும் இல்லாமல் தட்டக் கூடாது, குழந்தைகள் இருக்கும் அறைக்குக் கொண்டுபோகவும் கூடாது.

கறைகளில் தமிழ்நாட்டுப் பிரதிகளுக்கே உரியவை சில. சரஸ்வதி பூஜையில் வைத்த நூலின் முதற் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். குங்குமச் சாயம் ஈரம் பட்டால் பத்துப் பக்கம் இறங்கும். உலர்ந்த தூரிகையால் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எண்ணெய்க் கறையும் மஞ்சளும் போகாது. பழுப்புப் புள்ளிகள் ஈரத்தில் வந்த பூஞ்சையும் காகிதத்தில் இருந்த இரும்புத் துகளும் விட்ட தடம். படிப்பதற்கு இடையூறில்லை, விலையைச் சற்றுக் குறைக்கும். இவற்றைச் சலவைக் காரம் போட்டு வெளுப்பாக்கி விற்பது காகிதத்தின் ஆயுளைக் குறைத்து விற்பதாகும்.

கையெழுத்தும் முத்திரையும் குறையா சிறப்பா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆசிரியர் கையொப்பமிட்டு நண்பருக்குக் கொடுத்த பிரதி சிறப்பு என்பதில் ஐயமில்லை. 1948ஆம் ஆண்டு நூலகச் சட்டத்துக்குப் பின் தோன்றிய கிளை நூலகங்களின் முத்திரை பலருக்கும் குறை. ஆனால் ஊர்ப் படிப்பகம், வாசகசாலை, தமிழ்ச் சங்கம் ஆகியவற்றின் பழைய முத்திரை அந்த நூல் எங்கே படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று, அதனால் அது பிரதியின் மதிப்பைக் கூட்டுகிறது. தமிழாசிரியர் ஒருவர் ஓரத்தில் பென்சிலால் எழுதிய மறுப்பும் மேற்கோள் திருத்தமும் உள்ள கட்டுரை நூலை, தொடாத புதுப் பிரதியைவிட மேலாகவே கொள்ள வேண்டும். ஒன்று மட்டும் உறுதியாகப் பார்க்க வேண்டும்: நூலகம் அந்நூலைக் கழித்துவிட்டதற்கான முத்திரை இருக்கிறதா என்பது. இல்லையென்றால் அது எடுத்து வரப்பட்ட நூலாக இருக்கலாம், வாங்கக் கூடாது.

வாசகர்கள் வார இதழிலிருந்து தொடரைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த தொகுப்புகளை நூல் விற்பவர்கள் கீழாக நினைப்பது சரியன்று. உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் வந்து 1950இல்தான் நூலானது. இதழ்க் கட்டில் உள்ள படங்களும் பக்க அமைப்பும் நூலில் கிடைக்காதவை. கட்டுரைகளுக்கு இது இன்னும் பொருந்தும், ஏனென்றால் நூலாகாமலே போனவை அந்தக் கட்டுகளில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. பைண்டு செய்தவர் தேதியைக் குறித்திருக்கிறாரா, ஒரு வாரமும் விடாமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கலாம்.

பழுது பார்ப்பதில் குறைவாகச் செய்வதே நல்லது. செல்லோ டேப் எக்காரணம் கொண்டும் கூடாது. அதன் பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறி, மேல்நாடா உதிர்ந்த பின்னும் கறையாக நிற்கும். நம் பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சியைத் தடுக்கவே; ஆனால் அதிலுள்ள செம்பு காலப்போக்கில் காகிதத்தைச் சிதைக்கிறது. துத்தம் கலக்காத மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும் கிழிசலுக்குப் போதும். பிறகு அவிழ்க்க வேண்டுமானால் நீர் பட்டால் கழன்று வரும் பசையாக அது இருக்க வேண்டும். உடையும் நிலையில் உள்ள பிரதியைத் தைக்கவோ ஒட்டவோ முனையாமல், அமிலமில்லாத அட்டைப் பெட்டியில் வைத்து, ஒரு முறை மட்டும் கவனமாக வருடிப் படமெடுத்துக்கொண்டால், பிறகு மூலத்தைத் தொட வேண்டிய தேவை குறையும். அலமாரி வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை வளரும், சென்னையில் அது ஆண்டில் பாதி நாள் தாண்டும். காற்றோட்டம் இல்லாத இரும்புப் பீரோவைவிடத் திறந்த அலமாரியும் மின்விசிறியும் மேல். வசம்பும் வேப்பிலையும் வைக்கலாம், தாளில் நேராகப் படாமல் துணியில் முடிந்து.

நிலையை எழுத்தில் சொல்லும்போது ஆங்கில வணிகத்தில் 'ஃபைன்', 'வெரி குட்', 'குட்', 'ஃபேர்', 'புவர்' என்ற படிகள் உண்டு. அவை 1949இல் அமெரிக்க வார இதழ் ஒன்று வரையறுத்தவற்றிலிருந்து வந்தவை. தமிழ் நூல்களுக்கு அந்தப் படிகளை அப்படியே பொருத்தினால் ஏறக்குறைய எல்லாமே கடைசி இரண்டில் விழும். வாங்குபவருக்கு அதிலிருந்து ஒன்றும் தெரியாது. ஒரு சொல்லில் தரம் சொல்வதைவிட இருப்பதையும் இல்லாததையும் வரிசையாக எழுதுவது பயன்படும். எடுத்துக்காட்டாக: 'கிரவுன் எட்டில் ஒன்று, முன்பகுதி 12, நூல் 176 பக்கம், 11 பாரமும் உள்ளன, மூலத் தாள் உறை, முதுகில் இரண்டு செ.மீ. இழப்பு, ஆர்ட் தாள் படம் ஒன்று, பட்டியலில் உள்ள மற்றொன்று இல்லை, 33 முதல் 40ஆம் பக்கம் வரை ராமபாணத் துளை, எழுத்துக்குச் சேதமில்லை, தாள் பழுத்தது, உடையவில்லை, வாசகசாலை முத்திரை மூன்று இடங்களில், விளம்பரம் நான்கு பக்கம் முழுமை.' இதைப் படித்தவர் நூலைப் பார்க்காமலே விலை பேசலாம். விலையில் முதலிடம் முழுமைக்கு, அடுத்தது பதிப்புக்கு, பிறகு மூலக் கட்டுக்கு, கடைசியில்தான் தூய்மைக்கு. தலைப்புப் பக்கம் இல்லாத பிரதிக்கு முழுப் பிரதியின் விலையில் கால் பங்குக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை, வேறு பிரதியே கிடைக்காத நூலாக இருந்தாலொழிய. எழுதிய குறிப்பில் சொல்லாத குறை பின்னால் தெரிந்தால் விற்றவர் பிரதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத் தொகையையும் கொடுத்துவிட வேண்டும். யாரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து பிரதி வந்தது என்ற குறிப்பைப் பேனாவால் நூலில் எழுதாமல், மெல்லிய பென்சிலால் தனிச் சீட்டில் எழுதி அதனோடு கொடுப்பது வழக்கம்.